சருகுத் தண்ணீர்

1849-ஆம் வருஷம். லண்டனில் மருந்துக்காரர்கள் சங்கத்துக்கு ரசாயனப் பொறுப்பாளராக இருந்தவர் ராபர்ட் வாரிங்டன். மனிதர் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியை எடுத்தார். அடியில் ஆற்று மணல், கூழாங்கல். மேலே தண்ணீர். உள்ளே இரண்டு தங்க மீன்கள். கூடவே நாடா மாதிரி நீளநீளமாக இலை விடுகிற வாலிஸ்நேரியா என்கிற நீர்ச்செடி.

அவருடைய கணக்கு ரொம்ப சிம்பிள். மீன் மூச்சு விடும். அதில் வரும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும். பதிலுக்குப் பிராண வாயு கொடுக்கும். கொடுக்கல் வாங்கல் சரியாகப் போனால் தண்ணீரை மாற்றவே வேண்டாம். வரவும் செலவும் டேலி ஆகிவிட்ட பேரேடு மாதிரி.

காகிதத்தில் டேலி ஆனது, ஜாடியில் ஆகவில்லை. செடியின் பழைய இலைகள் பழுத்தன. அழுகின. வழவழவென்று ஒரு படலம் கண்ணாடி முழுக்கப் பரவியது. தண்ணீர் கலங்கியது. என்னடா இது என்று யோசித்தவர், குளத்து நத்தைகள் சிலவற்றைப் பிடித்து உள்ளே போட்டார். தீர்ந்தது கதை. நத்தைகள் அழுகிய இலையைத் தின்றன. அவை இட்ட முட்டையை மீன் தின்றது. 1850 மார்ச்சில் ரசாயனச் சங்கத்தில் இதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னார் வாரிங்டன். வீட்டு மீன் தொட்டியின் சரித்திரத்தில் இது ஒரு பிள்ளையார் சுழி.

கவனியுங்கள். சரித்திரத்தின் முதல் பக்கத்திலேயே உதிர்ந்த இலைதான் வில்லன். தூக்கி எறிய வேண்டிய குப்பை. அடுத்த நூறு வருஷம் ஐரோப்பாவில் மீன் வளர்த்தவர்கள் எல்லோரும் இதையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் என்றால் பளிங்கு மாதிரி இருக்க வேண்டும். ஒரு சருகு விழுந்தாலும் வலை போட்டு அள்ளி எறிய வேண்டும்.

இன்றைக்கு என்ன நடக்கிறது தெரியுமா? அதே ஐரோப்பாவில், அமெரிக்காவில், காசு கொடுத்துக் காய்ந்த சருகு வாங்கித் தொட்டிக்குள் போடுகிறார்கள். தண்ணீர் டிகாக்‌ஷன் கலருக்கு வந்தால் சந்தோஷப்படுகிறார்கள். பத்துப் பத்தாக எண்ணி, பாக்கெட் போட்டு, ஆன்லைனில் விற்கிற சரக்கு அது. என்ன மரத்துச் சருகு என்று கேட்டால் சிரிப்பீர்கள். நம்ம ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற வாதாமரம். நாட்டு வாதுமை. கொட்டையை உடைத்துப் பருப்பு தின்றுவிட்டுக் கல்லையும் ஓட்டையும் அப்படியே போட்டுவிட்டு ஓடியிருப்போமே, அதே மரம்தான்.

வில்லன் எப்படி ஹீரோவானான்? அதற்குக் கொஞ்சம் ஊர் சுற்ற வேண்டியிருக்கிறது.

*

முதலில் வாரிங்டனுக்கும் இருபது வருஷம் முன்னால். அதே லண்டனில் நதானியேல் வார்டு என்றொரு டாக்டர். பூச்சிப் பைத்தியம். 1829-இல் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணில் புதைத்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் வைத்து மூடினார். பூச்சி வருகிறதா என்று பார்ப்பது நோக்கம். மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. லண்டன் புகையில் அவர் தோட்டத்தில் செத்துச் செத்துப்போன அதே பெரணிச் செடி, மூடிய பாட்டிலுக்குள் ஜோராக வளர்ந்தது. உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் படிந்து, திரும்ப மண்ணுக்கே வந்துவிடுகிறது. தண்ணீர் ஊற்றவே தேவையில்லை.

இந்தப் பெட்டிக்கு வார்டு பெட்டி என்று பெயர் வந்தது. சாம்ராஜ்யங்களை அசைத்த பெட்டி. சீனாவிலிருந்து தேயிலைச் செடிகளை ராபர்ட் ஃபார்ச்சூன் இந்தியாவுக்குக் கப்பலில் கடத்திக் கொண்டுவந்தது இந்தப் பெட்டிகளில்தான். அது தனிக் கதை, இப்போது வேண்டாம்.

பெட்டிக்குள் செடி வாழும் என்றால் பிராணியும் வாழுமே? விவேரியம் என்கிற சொல் புழக்கத்துக்கு வந்தது. உயிருள்ளவை வாழுமிடம் என்று அர்த்தம். 1853-இல் லண்டன் மிருகக்காட்சிசாலை ஒரு மீன் வீட்டைத் திறந்தபோது, அதையுமே நீர் விவேரியம் என்றுதான் முதலில் அழைத்தார்கள். அடுத்த வருஷம் ஃபிலிப் ஹென்றி காஸ் ஒரு புத்தகம் போட்டார். தலைப்பு, அக்வேரியம். பெயர் ஒட்டிக்கொண்டது. கண்ணாடி மீதான வரியை பிரிட்டிஷ் அரசு 1845-இலேயே எடுத்துவிட்டிருந்ததால் கண்ணாடி மலிவு. வீட்டுக்கு வீடு தொட்டி. பத்து வருஷம் பித்துப் பிடித்து அலைந்துவிட்டு, 1860-களில் சலித்துப்போய் அடுத்த மோகத்துக்குத் தாவினார்கள். ஆனால் அந்தப் பளிங்குத் தண்ணீர் சித்தாந்தம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

*

இப்போது சயாம். இன்றைய தாய்லாந்து.

அங்கே வயல் தண்ணீரில் ஒரு குட்டி மீன். இரண்டு ஆண் மீன்களைச் சேர்த்துப் போட்டால் போச்சு. செதில் பறக்கச் சண்டை. நம் ஊரில் சேவல் மாதிரி அங்கே மீன். ஊர் கூடி வேடிக்கை பார்க்கும். பந்தயம் கட்டும். பந்தயம் இருக்கிற இடத்தில் அரசாங்கம் சும்மா இருக்குமா? சயாம் மன்னர்கள் மீன் சண்டைக்கு லைசென்ஸ் போட்டு, வரி வசூலித்தார்கள்.

1840-இல் சயாம் மன்னர் மூன்றாம் ராமா தமக்கு வேண்டிய ஒருவருக்குச் சில சண்டை மீன்களைப் பரிசாகக் கொடுத்தார். அவை தியோடர் கேன்டர் என்பவரிடம் வந்து சேர்ந்தன. டென்மார்க்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியில் வைத்தியர். 1849-இல் அவர் அந்த மீனைப் பற்றி எழுதி ஒரு பெயரும் வைத்தார். அது தப்பான பெயர். அந்தப் பெயருக்கு ஏற்கெனவே வேறு மீன் சொந்தக்காரன் என்று அறுபது வருஷம் கழித்து, 1909-இல் டேட் ரீகன் கண்டுபிடித்து, பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்று புதுப்பெயர் சூட்டினார். நம்ம கடைகளில் ஃபைட்டர் என்று சின்னச் சின்ன பாட்டிலில் வைத்து விற்கிறார்களே, அதுதான்.

மேற்கத்திய விஞ்ஞானத்துக்கு 1840-இல் அறிமுகமான மீன், சயாம்காரர்களுக்கு எத்தனை கால உறவு? 2022-இல் இந்த மீனின் மரபணுக்களை அலசி ஓர் ஆராய்ச்சி வெளியானது. மனிதன் இதை வளர்க்க ஆரம்பித்து குறைந்தது ஆயிரம் வருஷம் ஆகியிருக்கும் என்கிறது அது. நம்ம ராஜராஜ சோழன் பெரிய கோயில் கட்டிக்கொண்டிருந்த காலம். சும்மா சொல்லக்கூடாது, பெரிய அனுபவம்தான்.

அந்த அனுபவஸ்தர்களின் கைப்பக்குவத்தில் ஒன்றுதான் சருகு. சண்டை போட்டுக் கிழிந்து வந்த மீனை, வாதாஞ்சருகு ஊறிய தண்ணீரில் விடுவார்கள். காயம் ஆறும், தோல் இறுகும் என்பது நம்பிக்கை. காய்ந்த வாழை இலையும் போடுவதுண்டு. குஞ்சு பொரிக்க வைக்கும்போதும் ஒரு சருகு மிதக்கும். ஆண் மீன் எச்சில் குமிழிகளை அதன் அடியில் ஒட்டவைத்துக் கூடு கட்டும். முட்டைகளை வாயால் கவ்விக் கொண்டுபோய் அந்தக் கூட்டில் வைக்கும். வயலிலும் குட்டையிலும் இலைதானே அதற்குக் கூரை?

வாதாமரத்துக்கு தாய்லாந்துக்காரர்கள் வைத்த பெயர் ஹூ குவாங். மான் காது என்று அர்த்தம். இலையின் வடிவத்தைப் பாருங்கள், பொருத்தம் புரியும். மலாய்க்காரர்கள் கெத்தபாங் என்கிறார்கள். அதை லத்தீனாக்கித்தான் 1767-இல் லின்னேயஸ் தாவரப் பெயர் வைத்தார். டெர்மினாலியா கட்டப்பா. (பாகுபலிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.)

டெர்மினாலியா குடும்பம் நமக்கு ரொம்பத் தெரிந்த குடும்பம். கடுக்காய் அந்த வகையறா. தான்றிக்காயும் மருத மரமும் அதே வகையறாதான். எல்லாவற்றுக்கும் பொதுவான சமாசாரம் துவர்ப்பு. டானின் என்கிற சரக்கு. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிட ஆவாரம்பட்டையோடு கடுக்காயும் பயன்பட்டதற்கு இந்த டானின்தான் காரணம். கப்பல் கப்பலாகக் கடுக்காய் இங்கிலாந்துக்குப் போய் அங்குள்ள தோல் ஷாப்புகளிலும் ஊறியது. பச்சைத் தோலை டானின் இறுக்கிவிடும், அழுகவிடாது. மாட்டுத்தோலுக்கு ஆகிற வைத்தியம் மீன் தோலுக்கும் ஆகும் என்று பாங்காக் பக்கத்து மீன்காரர் எவரோ கெமிஸ்ட்ரி படிக்காமலே கண்டுபிடித்திருக்கிறார். நம்ம ஊரில் புதுக் கிணற்றில் நெல்லிக்கட்டை போடுவார்கள். கலங்கிய தண்ணீருக்குத் தேத்தாங்கொட்டையை உரைத்து விடுவார்கள். இதுவும் அந்த ரகம்தான்.

*

இதே விஷயத்தைப் பூமியின் அந்தப் பக்கத்தில் ஒரு நதி பிரம்மாண்டமாகச் செய்துகொண்டிருக்கிறது.

1542 ஜூன். ஸ்பானியர் பிரான்சிஸ்கோ தெ ஒரேயானா தம் ஆட்களோடு அமேசான் நதியில் பசியும் பட்டினியுமாகப் படகில் வந்துகொண்டிருந்தார். இடது பக்கம் ஒரு பெரிய ஆறு வந்து கலந்தது. தண்ணீர் மை மாதிரி கறுப்பு. அமேசானின் பழுப்புத் தண்ணீரோடு சேராமல், ரொம்ப தூரத்துக்குத் தனியாகவே ஓடியது. ரியோ நெக்ரோ என்று பெயர் வைத்தார்கள். கறுப்பு ஆறு. பெயர் வைக்க அதிகம் யோசிக்கவில்லை.

1800-இல் ஹம்போல்ட் அந்தப் பக்கம் போனார். தென் அமெரிக்கக் காட்டில் அவரை அதிகம் துன்புறுத்தியது புலியோ பாம்போ அல்ல, கொசு. கறுப்புத் தண்ணீர் ஆறுகளுக்குள் நுழைந்ததும் கொசுத் தொல்லை குறைந்துவிட்டதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு எழுதிவைத்தார். தண்ணீரில் என்னவோ இருக்கிறது. அல்லது என்னவோ இல்லை.

அப்புறம் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். டார்வினோடு சேர்ந்து பரிணாமக் கொள்கையை வெளியிட்ட அதே வாலஸ்தான். அப்போது அவர் பெரிய ஆள் இல்லை. காட்டில் பூச்சி, பறவை பிடித்துக் கொடுத்து, அதில் வரும் காசில் பிழைத்தவர். 1850 முதல் 1852 வரை ரியோ நெக்ரோவில் மேலே மேலே போய், பிடித்த மீன்களையெல்லாம் பென்சிலால் வரைந்துகொண்டே இருந்தார். ஊருக்குத் திரும்பும்போது, 1852 ஆகஸ்ட் 6, நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. வருஷக்கணக்கில் சேர்த்த சரக்கு அத்தனையும் சாம்பல். ஒரு சின்னத் தகரப் பெட்டியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு படகில் இறங்கினார். அந்தப் பெட்டியில் இருந்தவற்றில் அந்த மீன் படங்களும் உண்டு. பத்து நாள் நடுக்கடலில் மிதந்து, இன்னொரு கப்பல் வந்து காப்பாற்றியது. படங்கள் லண்டன் அருங்காட்சியகத்தில் பல வருஷம் தூங்கி, 2002-இல்தான் முழுப் புத்தகமாக வெளிவந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட மீன் இனங்கள்.

வாலஸ் இன்னொரு காரியமும் செய்தார். அமேசான் ஆறுகளை வெள்ளை, நீலம், கறுப்பு என்று தண்ணீரின் நிறத்தை வைத்துப் பிரித்தார். நூறு வருஷம் கழித்து ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் ஸியோலி அதற்கு விஞ்ஞானக் காரணம் சொன்னார். விஷயம் இதுதான். ரியோ நெக்ரோ பாய்கிற இடம் பெரும்பாலும் மணல் நிலம், சத்தே இல்லாத வெறும் வெள்ளை மணல். அதன்மேல் காடு. வருஷம் பூராவும் இலை கொட்டுகிறது. களிமண்ணாக இருந்தால் இலை மக்கி வரும் சாற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணல் பிடிக்காது. டீத்தூள் வடிகட்டி மாதிரி அப்படியே ஆற்றுக்குள் விட்டுவிடும். அதனால்தான் கறுப்பு. ஒரு கிளாஸில் எடுத்துப் பார்த்தால் பால் விடாத டீ. அமிலத்தன்மை அதிகம். பி.ஹெச். நாலு, ஐந்து என்கிற அளவு. உப்பு, சுண்ணாம்புச் சத்து கிட்டத்தட்ட மழைத் தண்ணீர் ரேஞ்சில்தான்.

இந்த ஏழைத் தண்ணீரில் மீன் எப்படிப் பிழைக்கிறது? 1986-இல் பீட்டர் ஹெண்டர்சன், இல்ஸ வாக்கர் இரண்டு பேரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனாஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஓடுகிற ஒரு கறுப்பு ஓடையில் சருகுக் குவியல்களை அள்ளி அள்ளிப் பார்த்திருக்கிறார்கள். குவியலுக்குள்ளே ஒரு நகரமே இருந்தது. சருகைப் பூஞ்சை தின்கிறது. பூஞ்சையைப் பூச்சிப் புழுக்கள் தின்கின்றன. புழுவைக் குட்டி மீன் தின்கிறது. அந்தக் குட்டி மீனுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பும் சருகேதான். கறுப்பு ஓடையில் குட்டி மீன்களுக்குச் சாப்பாட்டுக் கடை என்றால் அது இந்தக் குவியல்தான்.

*

1930-களில் அமேசானிலிருந்து ஒரு மீன் வந்து ஐரோப்பிய, அமெரிக்கத் தொட்டிக்காரர்களை மயக்கிப் போட்டது. நீலக் கோடும் சிவப்புக் கோடும் லைட் போட்ட மாதிரி மின்னும் நியான் டெட்ரா. ரபோ என்கிற பிரெஞ்சுக்காரர் 1934-இல் பெரு நாட்டுப் பக்கம் கண்டுபிடித்தது. 1936-இல் விஞ்ஞானப் பெயர் வைத்தபோது அதில் வில்லியம் இன்னஸ் பெயர் சேர்ந்தது. இன்னஸ், அமெரிக்காவில் மீன் வளர்ப்புப் பத்திரிகை நடத்தியவர்.

1956-இல் அதன் பெரியப்பா மகன் வந்தான். கார்டினல் டெட்ரா. வயிறு முழுக்கச் சிவப்பு. ரியோ நெக்ரோக்காரன். இவனுக்குப் பெயர் வைக்க இரண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டியின் கட்டுரை 1956 பிப்ரவரி 20-இல் வெளிவந்தது. இன்னொன்று பிப்ரவரி 21. ஒரே ஒரு நாள்! முந்தியவனுக்கே பெயர் என்பது விதி. சர்வதேசக் கமிஷன் வரைக்கும் பஞ்சாயத்து போய், 20-ஆம் தேதிக்காரருக்குத் தீர்ப்பானது. பெயரில் இடம் பிடித்தவர் ஹெர்பர்ட் ஆக்ஸல்ராட். இவரும் மீன் பத்திரிகை முதலாளி. அந்தக் கட்டுரை வந்ததே அவருடைய பத்திரிகையில்தான். பத்திரிகை முதலாளியாக இருப்பதில் எவ்வளவு சௌகரியம் பாருங்கள். நமக்கு வாசகர் கடிதம்தான் கொடுத்துவைத்தது.

ஆக்ஸல்ராட் பின்னாளில் பழைய வயலின்கள் சேர்ப்பவரானார். 2003-இல் நியூஜெர்ஸி இசைக்குழுவுக்கு முப்பது பழைய இசைக் கருவிகளை விற்றார். வரிப் பிரச்னையில் மாட்டி, கியூபாவுக்கு ஓடி, 2004-இல் பெர்லினில் பிடிபட்டு, 2005-இல் பதினெட்டு மாத சிறைத் தண்டனை பெற்றார். மீனுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. பாவம், பெயரை மட்டும் சுமந்துகொண்டு திரிகிறது.

விஷயத்துக்கு வருவோம். இந்த மீன்களை வாங்கினார்கள், வளர்த்தார்கள். குஞ்சு பொரிக்க வைக்க மட்டும் முடியவில்லை. பளிங்குத் தண்ணீரில் முட்டை வீணாயிற்று. ஐரோப்பியக் குழாய்த் தண்ணீர் நிறைய சுண்ணாம்பு கலந்தது. மழைத் தண்ணீரில் பிறந்து வளர்ந்த பரம்பரைக்கு அது ஆகவில்லை. ஜெர்மன்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சதுப்பு நிலத்தில் பாதி மக்கிய பாசியைப் பீட் என்பார்கள். மழைத் தண்ணீரை அந்தப் பீட் வழியாக வடியவிட்டார்கள். தண்ணீர் பழுப்பாயிற்று. முட்டை பொரித்தது! வாரிங்டன் விரட்டிய அழுகல் சாறு, கொல்லைப்புறக் கதவு வழியாக உள்ளே வந்துவிட்டது. பீட்டுக்கு அடுத்தபடியாகத்தான் தாய்லாந்துச் சருகு மேற்கே போய் மவுசு பெற்றது.

மீன் இல்லாத பெட்டியிலும் இதே கதை. தென் அமெரிக்காவில் நகத்தளவு விஷத் தவளைகள் உண்டு. கொலம்பியாவில் எம்பெரா பழங்குடியினர் ஒரு ஜாதித் தவளையின் முதுகில் ஊது அம்பைத் தேய்த்து வேட்டையாடுவார்கள். ஜான் டேலி என்கிற அமெரிக்க ரசாயன விஞ்ஞானி வாழ்நாள் பூராவும் அந்த விஷத்தையே ஆராய்ந்தவர். அவருக்கு ஒரு புதிர். காட்டில் விஷமாக இருக்கிற தவளையின் குஞ்சைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்த்தால் விஷமே இல்லை. சாதுவாக இருக்கிறது. 1994-இல் டேலி கோஷ்டி விடை சொன்னது. பனாமாவில் தவளைக் குஞ்சுகளுக்குக் காட்டுச் சருகுக்குள் கிடக்கிற பூச்சி பொட்டுகளைப் பிடித்துப் போட்டார்கள். தோலில் விஷம் ஏறிவிட்டது. ஆக, விஷம் தவளையின் சொந்த சம்பாத்தியம் கிடையாது, சாப்பாட்டில் வருவது. சருகில் இருக்கிற எறும்பு, உண்ணி வகைகள் கொடுக்கிற சீதனம். இன்று தவளை விவேரியம் வைக்கிறவர்கள் அடியில் ஓர் அங்குலத்துக்குச் சருகு பரப்பி, அதற்குள் மரவட்டை மாதிரி சுருளும் சின்னப் பூச்சிகளையும் விடுகிறார்கள். விஷத்துக்காக அல்ல. தவளையின் கழிவைத் தின்று, பெட்டியைச் சுத்தமாக வைக்க. வாரிங்டனின் நத்தை செய்த அதே வேலை.

*

சரி, சருகு வைத்தியம் நிஜமா, வியாபாரமா?

இரண்டும். 2005-இல் தாய்லாந்து விஞ்ஞானிகள் ஒரு பரிசோதனை வெளியிட்டார்கள். வாதா இலைச் சாறு, ஜிலேபி மீனை அரிக்கிற ஒட்டுண்ணியையும், ஏரோமோனாஸ் என்கிற பாக்டீரியாவையும், முட்டையில் படிகிற பூஞ்சையையும் அடக்குகிறது என்றார்கள். ஆக, ஒரேயடியாகப் புருடா என்று தள்ள முடியாது. ஆனால் அது அளந்து எடுத்த சாறு. ஒரு தொட்டியில் ஒரு சருகைப் போட்டுவிட்டு, சகல ரோக நிவாரணி என்று பாக்கெட்டில் அச்சடிக்கிறார்களே, அது வியாபாரம். பி.காம். படித்தவன் என்கிற முறையில் அந்த வியாபாரத்தை நான் மெச்சுகிறேன். கொள்முதல் விலை பூஜ்யம், கூலி பெருக்குகிற கூலி மட்டும். இதைவிட லாபமான சரக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

கொளத்தூர்ப் பக்கம் போய் மீன் வாங்கி வந்து, வீட்டில் சருகு போட்டுப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம். மரத்திலிருந்து பச்சை இலையைப் பறிக்காதீர்கள். தானாக உதிர்ந்து, நன்றாகப் பழுப்பானதுதான் சரி. பூச்சி மருந்து அடித்த இடத்துச் சருகு வேண்டாம். கழுவிப் போட்டால் இரண்டு மூன்று நாள் மிதந்து, பிறகு அடியில் உட்காரும். தண்ணீர் நிறம் மாறும். ஆனால் உப்புக் கரிக்கிற போர் தண்ணீரில் எத்தனை சருகு போட்டாலும் அமிலத்தன்மை லேசில் ஏறாது. தண்ணீரில் இருக்கிற கார உப்பு அதை முழுங்கிவிடும். நிறம் ரியோ நெக்ரோ, குணம் கொளத்தூர். அளவுக்கு மேல் கொட்டினாலோ, மக்கும்போது பாக்டீரியா பெருகிப் பிராண வாயுவை உறிஞ்சும், மீன் வாயைப் பிளக்கும். அந்த வகையில் வாரிங்டன் சொன்னது தப்பே இல்லை.

*

கடைசியாக, பார்ஸெலோஸ்.

பிரேசிலில் ரியோ நெக்ரோ கரையில் ஓர் ஊர். சுற்றிலும் காடு. வெள்ளம் வரும்போது ஆறு காட்டுக்குள் புகுந்து, மரங்களுக்கு நடுவே மாதக்கணக்கில் நிற்கும். சருகுக்குள் கார்டினல் மீன் கூட்டம் கூட்டமாக மேயும், பெருகும். தண்ணீர் வடிந்ததும் குட்டைகளில் மாட்டிக்கொள்ளும். பெரும்பாலானவை அந்த வருஷத்தைத் தாண்டுவதில்லை. அப்படிச் சாகப்போகிற மீனைக் கைவலையில் நோகாமல் அள்ளி, கூடையில் வைத்துத் துடுப்புப் போட்டுக் கொண்டுவந்து விற்பவர்களுக்குப் பியாபெய்ரோ என்று பெயர். ஒரு காலத்தில் வருஷத்துக்குக் கோடிக்கணக்கில் மீன் போயிற்று. ஊரின் வருமானத்தில் பாதிக்கு மேல் அதில்தான். ஊர்த் திருவிழாவே மீன் திருவிழா. கார்டினல் கோஷ்டி, டிஸ்கஸ் கோஷ்டி என்று இரண்டு மீன் பெயரில் அணி பிரிந்து ஆட்டம் போடுவார்கள்.

மீன் பிடித்தால் காடு அழியுமே என்று தோன்றும். லாபிஷ் சாவ் என்கிற மீன் விஞ்ஞானி 1989-இல் அங்கே ஆரம்பித்த பியாபா திட்டம் நேர் எதிராகச் சொன்னது. மீன் விலை போகிறவரைக்கும் அந்த ஜனங்கள் மரத்தை வெட்ட மாட்டார்கள், தங்கம் தோண்டப் போக மாட்டார்கள். மரம் போனால் இலை இல்லை, இலை போனால் மீன் இல்லை என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஒரு மீன் வாங்குங்கள், ஒரு மரத்தைக் காப்பாற்றுங்கள் என்பது திட்டத்தின் கோஷம்.

ஆனால் மார்க்கெட் கோஷத்தைக் கேட்பதில்லை. பீட்டும் சருகும் மென்மையான தண்ணீரும் சேர்ந்து முட்டையின் ரகசியத்தை உடைத்துவிட்டன அல்லவா? ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் பண்ணைகள் வந்துவிட்டன. முதலில் நியான், அப்புறம் கார்டினல். பண்ணை மீன் வருஷம் முழுக்கக் கிடைக்கும், சீக்கு குறைவு, ஒரே சைஸ். பார்ஸெலோஸின் ஏற்றுமதி 2000-க்குப் பிறகு சரிந்துகொண்டே போனது. காட்டு நதியைத் தொட்டிக்குள் கொண்டுவரக் கற்றுக்கொண்டதன் பலனாக, காட்டு நதிக்காரனிடம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். காய்ந்த இலையைத் தாய்லாந்திலிருந்து வாங்குகிறார்கள், மீனைப் பண்ணையிலிருந்து வாங்குகிறார்கள், சுவரில் ரியோ நெக்ரோ படம் ஒட்டிக்கொள்கிறார்கள். தாய்லாந்துக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டி. 2019 பிப்ரவரியில் சண்டை மீனைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்து, இது எங்கள் சொத்து என்று பட்டா போட்டுக்கொண்டார்கள்.

பார்ஸெலோஸுக்கு அடுத்த அடி வானத்திலிருந்து விழுந்தது. 1902-இலிருந்து மனாஸில் ரியோ நெக்ரோவின் உயரத்தை தினமும் அளந்து எழுதிவைக்கிறார்கள். 2023 அக்டோபரில் அது 12.7 மீட்டருக்கு இறங்கியது. அதுவரை கண்டிராத பள்ளம். 2024 அக்டோபரில் அதற்கும் கீழே போயிற்று. தண்ணீர் ஏறினால்தான் காட்டுக்குள் போகும், காட்டுக்குள் போனால்தான் சருகில் மீன் பெருகும்.

பியாபெய்ரோக்களில் பலர் கைவலையை மடித்து வைத்துவிட்டார்கள். தூண்டிலோடு வெளிநாட்டிலிருந்து வருகிற பணக்காரர்கள் துக்குனாரே என்கிற பெரிய மீனைப் பிடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். அவர்களுக்குப் படகு ஓட்டப் போய்விட்டார்கள். மிச்சம் இருக்கிறவர்கள் இன்னமும் தண்ணீர் வடிகிற மாதத்தில் துடுப்போடு காட்டுக்குள் போகிறார்கள்.